தட்டு திரும்பி வரும் வாசல்

பிப்ரவரி 9

அன்புள்ள அப்பாவுக்கு,

பாப்பா எழுதுகிறேன். முட்டி வலிக்கு அனுப்பிய தைலத்தைத் தடவுகிறீர்களா, இல்லை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறீர்களா? எனக்கு ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக் கடையில் கூட்டம். நாளெல்லாம் அடுத்தவர் கண்ணையே பார்த்துப் பார்த்து எனக்கே கண்ணாடி வந்துவிடும் போலிருக்கிறது.

போனில் சொன்னால் "என்ன? என்ன?" என்று பத்து முறை கேட்பீர்கள், அதனால் எழுதுகிறேன். ஏப்ரலில் நாம் இரண்டு பேரும் சுற்றுலா போகிறோம். நான்கு நாள். சாப்பாடும் ஒயினும்தான் நிகழ்ச்சியே. காலையில் திராட்சைத் தோட்டம், மதியம் விருந்து, மாலையில் ஒயின் ருசி பார்ப்பது. எந்த ஊர் தெரியுமா? நீங்கள் பதினோரு வருஷம் இருந்த ஊர். தங்குவது நீங்கள் தலைமைச் சமையல்காரராக இருந்த அதே விடுதியில்! மாமாதானே இப்போது உங்கள் இடத்தில் இருக்கிறார், நம்மை விட்டுவிடுவாரா?

இரண்டு பேருக்கு என்று முன்பே பதிவு செய்தது. அவருக்கு வேலை, வர முடியவில்லை. நீங்கள்தான் வர வேண்டும். சின்ன வயதில் உங்கள் கடிதத்தில் படித்த சமையலறையை ஒருமுறை கண்ணால் பார்க்க வேண்டும் அப்பா.

மாத்திரையை மறக்காதீர்கள்.

உங்கள் பாப்பா


பிப்ரவரி 17

அன்புள்ள மச்சினனுக்கு,

அத்தான் எழுதுவது. உன் இடுப்புப் பிடிப்பு விட்டதா? நான் போன வாரம் வரைக்கும் நன்றாகத்தான் இருந்தேன். பாப்பா கடிதம் வந்தது, தலையில் இடி விழுந்தது. கூட வைத்திருக்கிறேன், படித்துப் பார்.

உனக்குத் தெரியாததா? உன் சமையலறையில் பதினோரு வருஷம் தட்டு கழுவியவன் நான். வீட்டுக்கு எழுதிய முதல் கடிதத்தில் "விடுதிச் சமையலறையில் வேலை" என்றுதான் எழுதினேன். அதில் ஒரு பொய்யும் இல்லை. உன் அக்கா தெருவில் அதைச் "சமையல் வேலை" ஆக்கினாள். பாப்பா பள்ளிக்கூடக் கட்டுரையில் "தலைமைச் சமையல்காரர்" ஆக்கி, பரிசும் வாங்கி, கட்டுரையை எனக்கே தபாலில் அனுப்பி வைத்தாள். ஒன்பது வயசுப் பிள்ளை. "இல்லம்மா, அப்பா தட்டு கழுவுகிறேன்" என்று எழுத உட்கார்ந்தேன். பேனா ஓடவில்லை. அன்று நீ வைத்த காளான் சூப்பை நான் வைத்ததாக எழுதிவிட்டேன். அப்புறம் மாதம் ஒரு பதார்த்தம்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள்கூட அடுப்பைத் தொட்டதில்லை. "பதினோரு வருஷம் நெருப்பில் நின்ற கை, ஓய்வு கேட்குது" என்பேன். உன் அக்கா புண்ணியவதி, கடைசி வரைக்கும் ஒரு காபி போடச் சொன்னதில்லை.

இன்னொன்றும் இருக்கிறது, கோபித்துக்கொள்ளாதே. அந்தக் கடிதங்களில் எல்லாம் நீ எனக்குக் கீழே வெங்காயம் நறுக்குகிறாய்.

சிரிக்க வேண்டாம். அவள் வளர்கிற வயசில் நான் பக்கத்தில் இல்லை. "உங்க அப்பா எங்கே?" என்று கேட்டவர்களுக்கெல்லாம் இந்த ஒன்றைச் சொல்லித்தான் தலை நிமிர்ந்து வளர்ந்தாள். இதுவும் போய்விட்டால் நான் அவளுக்கு யார்? ஏதாவது வழி சொல்.

அத்தான்


மார்ச் 2

அன்புள்ள அத்தானுக்கு,

இடுப்பு தேவலை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் மறுபடி பிடித்துக்கொண்டது. வெங்காயமா? பதினோரு வருஷமா? ஒரு நாளாவது இறைச்சியைக் கிளறவாவது விட்டிருக்கக் கூடாதா?

பயப்படாதீர்கள். முதலாளி புதியவர், வந்து நாலு வருஷம்தான் ஆகிறது. பழைய ஆட்களில் மிச்சம் நானும், நிலவறையில் ஒயினைக் கவனிக்கும் பீப்பாய்க்காரரும். அவரிடம் பேசிவிட்டேன். வாயைத் திறக்க மாட்டார், ஆனால் ஒரு நிபந்தனை. ஒயினைப் பற்றி அவர் பேசும்போது ஒரு மணி நேரம் தலையாட்ட வேண்டும். முதலாளியிடம் "இங்கே முன்பு இருந்த பெரியவர்" என்று சொல்லி வைத்திருக்கிறேன். அதுவும் பொய் இல்லை. பையன்கள் "ஐயா" என்று கூப்பிடுவார்கள். என் பழைய வெள்ளைக் கோட்டு ஒன்று இருக்கிறது, தொப்பைப் பக்கம் உங்களுக்குத் தொளதொளக்கும், ஊசி குத்திக்கொள்ளலாம்.

நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான். கையைக் கட்டிக்கொண்டு, முகத்தைச் சுளித்துக்கொண்டு நில்லுங்கள். பெரிய சமையல்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் நிற்கிறார்கள்.

தைரியமாக வாருங்கள்.

வெங்காயம் நறுக்கும் மச்சினன்


மார்ச் 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா ஆசீர்வாதம். தைலம் தடவுகிறேன், வலி விட்டபாடில்லை. அந்த ஊரில் படிகள் ஜாஸ்தி. எனக்கு ஒயினும் ஒத்துக்கொள்ளாது. ஏப்ரலில் மழை வந்தாலும் வரும். மருமகனுக்கு லீவு கிடைக்கும்போது நீங்கள் இரண்டு பேரும் போய் வந்தால் என்ன? அவரை விசாரித்ததாகச் சொல்.

அப்பா


மார்ச் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

எல்லாரும் சௌக்கியம். தரைத்தளத்தில் அறை கேட்டு வாங்கிவிட்டேன். குடை எடுத்துக்கொள்கிறேன். ஒயின் வேண்டாமென்றால் தண்ணீர் குடியுங்கள். சாக்குச் சொல்வதை நிறுத்திவிட்டுப் பெட்டியைத் துடைத்து வையுங்கள்.

பாப்பா


ஏப்ரல் 28

அன்புள்ள அத்தானுக்கு,

ஊர் போய்ச் சேர்ந்து அலுப்புத் தீர்ந்ததா? இங்கே நான் சௌக்கியம். முதலாளி இன்னும் உங்கள் புராணம்தான் பாடிக்கொண்டிருக்கிறார்.

கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள் என்றால் என்ன காரியம் செய்தீர்கள்! மூன்றாம் நாள் விருந்தாளிகள் எதிரில் குழம்பை நீட்டி "எப்படி இருக்கிறது ஐயா?" என்று முதலாளி கேட்டதும் தொலைந்தோம் என்று நினைத்தேன். நீங்கள் கரண்டியைத் தொடவே இல்லை. "ருசி கிடக்கட்டும், நேத்துத் தட்டெல்லாம் எப்படித் திரும்பி வந்துச்சு?" என்றீர்கள். பதிலையும் நீங்களே சொன்னீர்கள். "கடைசிக் கால்வாசியை எல்லாரும் ஒதுக்கிட்டாங்க. குழம்பு கனம், கூடக் கொடுக்கிற சிவப்பு ஒயினும் கனம். ரெண்டுல ஒண்ணை இளக்குங்க." மறுநாளே இளக்கினேன். ஒரு தட்டில்கூட மிச்சம் இல்லை. பீப்பாய்க்காரர் உங்கள் கையைப் பிடித்து, "இத்தனை வருஷம் இதை நான் கத்திக்கிட்டு இருந்தேன்" என்று கண் கலங்கினார்.

உண்மையைச் சொல்கிறேன் அத்தான், அது நடிப்பில்லை. அந்தக் காலத்தில் தட்டு கழுவும் தொட்டியடியிலிருந்து "ஏழாம் மேசை, உப்பு!" என்று கத்துவீர்கள். நான் முணுமுணுத்துக்கொண்டே சரி செய்வேன். சுவரில் மாட்டியிருக்கும் பாராட்டுப் பத்திரத்தில் பாதி உங்களுடையது. நீங்கள் போன பிறகு இரண்டு வருஷம் கண்ணைக் கட்டிக்கொண்டு சமைத்த மாதிரி இருந்தது. இதை முன்பே சொல்லியிருக்க வேண்டும்.

பாப்பா உங்களை அந்தக் கோட்டோடு எத்தனை போட்டோ எடுத்தாள்! அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. தப்பித்தீர்கள் போங்கள்.

ஒன்றுதான் புரியவில்லை. ஒவ்வொரு வேளையும் சாப்பாடு முடிந்ததும் ஏன் தொட்டிப் பக்கமே போய் நின்றீர்கள்? கிளம்பும்போதும் முகம் சரியில்லை. ஒயின் ஒத்துக்கொள்ளவில்லையா?

மச்சினன்


மே 6

அன்புள்ள மச்சினனுக்கு,

உடம்புக்கு ஒன்றும் இல்லை. சாப்பாடுதான் இறங்கவில்லை. நீ செய்த உபகாரத்தை நான் மறக்க மாட்டேன்.

தொட்டிப் பக்கம் பழக்க தோஷத்தில்தான் போனேன். இப்போது இயந்திரம் வந்துவிட்டது, ஆனாலும் மிச்சத்தை வழித்துப் போட ஆள் வேண்டும் அல்லவா? அங்கே இருக்கும் அம்மாவுக்கு ஒத்தாசையாக நின்றேன். முதல் நாளே எங்கள் மேசைத் தட்டு இரண்டும் வந்தன. மேசையில் பார்த்தபோது பாப்பா மீனைத் தின்று முடித்த மாதிரிதான் இருந்தது. வழிக்கப் போனேன், தோலுக்கு அடியில் மீன் முழுசாக இருந்தது. முள்ளை எடுத்து, சதையை ஓரமாகச் சேர்த்து, தோலை மேலே போர்த்தி வைத்திருக்கிறாள். இரண்டாம் நாள் இறைச்சியைப் பொடிப்பொடியாக நறுக்கிக் கீரைக்கு அடியில் தள்ளியிருந்தாள். மூன்றாம் நாள், கை துடைக்கும் துணிக்குள் ரொட்டியைச் சுருட்டி வைத்திருந்தாள்.

பசியில்லாதவர் தட்டு எனக்குத் தெரியும். அவர்கள் அப்படியே விட்டுவிட்டு எழுந்துவிடுவார்கள். பிடிக்காதவர் ஓரமாக ஒதுக்குவார்கள். இப்படி ஒளித்து வைப்பது வேறு ரகம். எதிரில் இருப்பவர் மனசு நோகக் கூடாது என்று சாப்பிட்ட மாதிரி நடிப்பவர்கள் செய்வது. அப்படி ஒரு தட்டு வந்தால் அந்த மேசையில் ஏதோ பெரிய துக்கம் என்று நமக்குத் தெரியும். எத்தனை பார்த்திருக்கிறேன். என் பிள்ளை தட்டாக வரும் என்று நினைக்கவில்லை.

நல்ல செய்தியாக இருக்குமோ என்று நீ கேட்பாய். முழுகாமல் இருக்கிறாளோ என்று நானும் ஒரு நாள் ஆசைப்பட்டேன். அப்படி இருந்தால் என்னிடம் ஏன் ஒளிக்க வேண்டும்? நாலு நாளில் மருமகனிடமிருந்து ஒரு போன் வரவில்லை. இவளும் செய்யவில்லை. கழுத்தெலும்பு தெரிகிறது மச்சினா.

ஊருக்கு வந்ததும் போனில் கேட்டேன். "நல்லா இருக்கேன்பா, வயிறு முட்டச் சாப்பிட்டேனே, பாத்தீங்கல்ல?" என்கிறாள். பார்த்தேன் என்று எப்படிச் சொல்வது? தலைமைச் சமையல்காரனுக்குத் தொட்டியடியில் என்ன வேலை? தட்டை வழித்துப் பார்த்தேன் என்று சொன்னால் அடுத்த கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். நாலு நாள் கஷ்டப்பட்டு எனக்காகக் காப்பாற்றிக் கொடுத்தாயே, அதையே உடைக்க வேண்டியிருக்கிறது. என்ன செய்யட்டும்?

அத்தான்


மே 15

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்த அன்று சூப்பில் இரண்டு தடவை உப்புப் போட்டுவிட்டேன். "எதுவும் சொல்லாமல் நேரே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்" என்று எழுதி, அதைக் கிழித்துப் போட்டேன். நீங்கள் போய் நின்றாலும் அவள் விருந்து வைத்து, தன் தட்டில் எதையாவது போர்த்தித்தான் வைப்பாள்.

உங்களிடம் இருபது வருஷத்துக்கு மேல் ஒரு விஷயத்தை மறைத்திருக்கிறேன். திட்டுவதாக இருந்தால் திட்டுங்கள். நீங்கள் வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம் நான் லீவில் ஊருக்குப் போனேன் அல்லவா, அப்போதே அக்காவிடம் சொல்லிவிட்டேன். அக்கா முதலில் சிரித்தாள். பிறகு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "அவரா சொல்ற வரைக்கும் எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது" என்று கையில் அடித்துச் சத்தியம் வாங்கினாள். நெருப்பில் நின்ற கைக்கும் சோப்புத் தண்ணீரில் நின்ற கைக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? உங்களைக் காபி போடச் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

சொல்வீர்கள், சொல்வீர்கள் என்று காத்திருந்தாள். ஒரு தடவை என்னிடம் கேட்டாள், "தட்டு கழுவினா நான் மரியாதை குறைச்சிடுவேன்னு நெனச்சாராடா?" என்று. உங்கள் வாயால் அதைக் கேட்காமலே போய்ச் சேர்ந்துவிட்டாள். பாப்பாவையும் காக்க வைக்காதீர்கள்.

மச்சினன்


மே 22

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுகிறேன். வலி, மருந்து எல்லாம் அப்புறம். இதை உட்கார்ந்து படி.

உன் ஒன்பது வயசில் எழுத வேண்டிய கடிதம் இது. நான் அந்த விடுதியில் ஒரு நாளும் சமைத்ததில்லை. தட்டு கழுவினேன். சமைத்தது எல்லாம் உன் மாமா. அவர் வெங்காயம் நறுக்கவில்லை, நான்தான் அவரைக் கடிதத்தில் நறுக்க வைத்தேன். என் காது மந்தமானது அடுப்புச் சத்தத்தால் இல்லை, தட்டுச் சத்தத்தால். வெள்ளைக் கோட்டு மாமாவுடையது. முதுகில் ஆறு ஊசி குத்தியிருந்தது, அதனால்தான் போட்டோவில் அவ்வளவு விறைப்பாக நிற்கிறேன்.

சமையலறைக்கு இரண்டு வாசல். தட்டு போகிற வாசலில் மாமா நின்றார். திரும்பி வருகிற வாசலில் நான் நின்றேன். போகும்போது எல்லாத் தட்டும் ஒரே அழகுதான். திரும்பும்போதுதான் யார் யாருக்கு என்ன என்று தெரியும். பல்வலிக்காரர் எந்தப் பக்கம் மெல்லுகிறார் என்றுகூடச் சொல்லிவிடுவேன். எனக்கு வேறு தொழில் தெரியாது.

நாலு நாளும் உன் தட்டு என் கைக்குத்தான் வந்தது. மீனை எங்கே வைத்தாய் என்று தெரியும். ஒயின் கோப்பையும் ஞாபகம் வருகிறது. எனக்கு ஊற்றியது ஏன் குறையவே இல்லை என்று அப்போது யோசித்தேன். நான் பேசிக்கொண்டிருக்கும்போது உன் கோப்பையை என் பக்கம் மாற்றி மாற்றி வைத்திருக்கிறாய். இரண்டு பேர் ஒயினையும் குடித்துவிட்டுத்தான் பீப்பாய்க்காரருக்கு அவ்வளவு தலையாட்டியிருக்கிறேன்.

என்ன என்று நான் கேட்கவில்லை. உனக்குத் தோன்றும்போது சொல். சொல்லாவிட்டாலும் சரி. நடு அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன்.

உன்னிடம் பொய் சொன்னதற்கு வெட்கப்படுகிறேன். தட்டு கழுவியதற்கு வெட்கப்படுவதை நேற்றோடு விட்டுவிட்டேன்.

அப்பா


ஜூலை 4

அன்புள்ள அப்பாவுக்கு,

எப்படி இருக்கிறீர்கள்? ஆறு வாரமாகப் பதிலும் போடாமல், போனையும் எடுக்காமல் இருந்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு அலைந்தேன்.

முதலில் கோபம் வந்தது. அந்தக் கட்டுரை இன்னும் என்னிடம் இருக்கிறது. "என் அப்பா சமைத்ததை எல்லோரும் மிச்சம் வைக்காமல் சாப்பிடுவார்கள்" என்று முடித்திருக்கிறேன். ஊர் முழுக்கச் சொன்னேனே அப்பா. உங்களிடம் பேசவே கூடாது என்று இருந்தேன். ஆனால் கோபத்தைப் பிடித்து வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை, நானும்தானே பொய் சொன்னேன். நீங்கள் சொன்ன பொய்க்கு யாரும் பட்டினி கிடக்கவில்லை.

அவர் ஜனவரியில் போய்விட்டார். வேறு வீடு பார்த்துக்கொண்டார். சண்டைகூட இல்லை. சண்டை என்றால் ஆறியிருக்கும். அந்தச் சுற்றுலா எங்கள் கல்யாண நாளுக்காக நான் டிசம்பரில் பதிவு செய்தது. அப்பா சமைத்த இடம் என்று அவரிடம் காட்ட வேண்டும் என்று ஆசை. பிறகு, உங்களோடு போய் அங்கே வைத்துச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நீங்கள் வெள்ளைக் கோட்டோடு நின்றீர்கள். எல்லாரும் ஐயா, ஐயா என்றார்கள். அவ்வளவு சந்தோஷமாக உங்களை நான் பார்த்ததே இல்லை. அதைக் கெடுக்க மனசு வரவில்லை.

அம்மா போனதிலிருந்து நான் என்ன சாப்பிட்டேன் என்று யாரும் பார்த்ததில்லை. நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டுக் கடையின் பின்னறையில் உட்கார்ந்து அழுதேன். கண் பரிசோதனைக்கு வந்தவர் அரை மணி நேரம் காத்திருந்தார்.

கொஞ்ச நாளைக்கு வரட்டுமா அப்பா?

பாப்பா


ஜூலை 8

பாப்பா,

நான் நன்றாக இருக்கிறேன். உன் வீட்டுக்கு வர யாரிடம் கேட்கிறாய்? வா.

சமைக்க எனக்குத் தெரியாது என்பது இப்போது உனக்கும் தெரியும். மாமாவிடம் எழுதிக் கேட்டிருக்கிறேன். எதிர்பார்ப்போடு வராதே.

அப்பா


ஆகஸ்ட் 19

அன்புள்ள மச்சினனுக்கு,

அத்தான் எழுதுவது. உன் இடுப்பும் நீயும் சுகம்தானே? பாப்பா வந்து ஒரு மாதம் ஆகிறது. நீ எழுதி அனுப்பிய காளான் சூப்பை இதுவரை ஒன்பது தடவை வைத்துவிட்டேன். "உப்பு தேவையான அளவு" என்று எழுதியிருக்கிறாயே, அது என்ன அளவு? பதார்த்தம் உள்ளே போகும்போது எனக்கு ஒன்றும் தெரியாது, வெளியே வந்தால்தான் தெரியும் என்பதை மறந்துவிட்டாயா?

பாப்பா மேசையில் உட்கார்ந்து "தலைமைச் சமையல்காரரே, இன்னைக்கு என்ன கருக்கியிருக்கீங்க?" என்கிறாள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது. முதல் வாரம் முழுக்கத் தட்டு அப்படியே வந்தது. ஒளிக்கவில்லை, அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள். எனக்கு அதுவே போதும் என்று இருந்தது. அப்புறம் பாதி வந்தது. சில நாள் பழையபடி முழுசாக வரும், அன்றைக்கு மருமகன் பக்கத்திலிருந்து ஏதாவது வக்கீல் காகிதம் வந்திருக்கும். நான் கேட்பதில்லை. அவளாகவே தொட்டிப் பக்கம் வந்து நின்று, நான் கழுவக் கழுவத் துடைத்து வைத்துக்கொண்டே சொல்லுவாள். உன் அக்காவிடமும் இப்படி நின்று சொல்லியிருக்கலாம். அந்த வருத்தம் எனக்குப் போகாது.

இன்று மதியம் சூப்பில் உப்புத் தூக்கல். எனக்கே நாக்கில் ஏறியது. அவள் குனிந்து சாப்பிட்டாள். அடியில் இருந்ததை ரொட்டியால் துடைத்து வாயில் போட்டுக்கொண்டு, தட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். திருப்பிப் பார்த்தேன், விளிம்பெல்லாம் பார்த்தேன். கழுவுவதற்கு அதில் ஒன்றுமே இல்லை.

ஆனாலும் கழுவினேன்.

அத்தான்